73939133-க்கு நடந்த வாய்மொழித் தேர்வு

எழிலரசியின் கருமாதி முடிந்த மறுநாள் காலையில் வெள்ளாறு உயர்கணித ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. குறித்த தேதியில் முன்னறிவிப்பின்றி வாய்மொழித் தேர்வுக்கு வராமல் இருந்ததற்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தைத் தாங்களே நேரில் வந்து அளிக்க வேண்டும் என்று எழிலரசிக்கு எழுதியிருந்தார்கள். வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. தபாலைப் பெறுநர் கையில் மட்டுமே தர வேண்டும் என்று உறையின்மேல் முத்திரை இருந்தது. தபால்காரர் பந்தலைப் பார்த்தார். எதிரே மொட்டைத் தலையோடு நின்ற அவள் கணவன் திருநாவுக்கரசைப் பார்த்தார். “நீங்களே கையெழுத்துப் போடுங்க சார்” என்று பேனாவை நீட்டினார். இந்த விவகாரம் முழுவதிலும் ஓர் ஊழியர் சொந்தப் பொறுப்பில் எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

திருநாவுக்கரசுக்குத் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு இன்வெர்ட்டர் கடை. இரண்டாயிரத்து எட்டில் மின்வெட்டு வந்தபோது கடலூரே வாயில் வந்தபடி ஏசியது. அவன் மட்டும் ஏசவில்லை. சோறு போட்டதும் அந்த மின்வெட்டு, கல்யாணம் செய்து வைத்ததும் அந்த மின்வெட்டு. நெல்லிக்குப்பத்தில் மங்கலம் என்ற சத்துணவு அமைப்பாளர் வீட்டில் இன்வெர்ட்டர் மாட்டப் போனான். புருஷன் போன பிறகு ஒற்றை மகளை ஆளாக்கியவள் மங்கலம். மகள் எழிலரசி எம்.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் எதையோ பக்கம் பக்கமாகக் கிறுக்கிக்கொண்டிருந்தாள். குழல்விளக்கு எரிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். “அவ ஊதுனது வத்திய, சாஞ்சது நீ” என்று மங்கலம் பின்னாளில் மருமகனைக் கேலி செய்வாள்.

கல்யாணத்துக்கு எழிலரசி போட்ட ஒரே நிபந்தனை, மேலே படிப்பாள் என்பது. சிதம்பரத்தில் புவனகிரி சாலையில் இருந்த அந்த நிலையத்தில் எம்.ஃபில். சேர்ந்தாள். தினமும் காலையில் அவன் பைக்கில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிடுவான். சாயங்காலம் அவள் நேரே கடைக்கு வந்துவிடுவாள். அப்படி வந்த ஒருநாள், பேட்டரி விலை எழுதியிருந்த கரும்பலகையைத் துடைத்துவிட்டு 73939133 என்று எழுதினாள்.

“இது என்னா, ஃபோன் நம்பரா?”

“ரெண்டு நம்பர் கொறையுதே மாமா. இதுதான் என் ஆராய்ச்சி. இது ஒரு பகா எண். ஒண்ண விட்டா, அத விட்டா, வேற எதாலயும் மீதி இல்லாம வகுக்க முடியாது. யாரும் இதப் பங்கு போட்டுக்க முடியாது.”

“சரி.”

“இப்ப கடைசில இருக்கற மூண அழி.”

கட்டைவிரலால் அழித்தான். 7393913 நின்றது.

“இதுவும் பகா எண்தான். இன்னொண்ணு அழி.”

அழித்தான். அதுவும் பகா எண். அடுத்ததும் அப்படியே. வாலிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தான். எழுநூற்று முப்பத்தொன்பது நின்றது, எழுபத்து மூன்று நின்றது, கடைசியில் வெறும் ஏழு நின்றது. எந்த இடத்தில் நிறுத்தினாலும் எவராலும் வகுக்க முடியாததாகவே அது நின்றது. அவனுக்குக் கொஞ்சம் சிலிர்த்தது.

“அப்ப இந்தக் கடைசில சேத்துக்கிட்டே போனா?”

இந்தக் கேள்வியில் எழிலரசிக்கு அப்படி ஒரு சந்தோஷம். “அதான் மாமா விஷயமே! முடியாது. ரெட்டப்படை போட்டா ரெண்டால போயிடும். அஞ்சு போட்டா அஞ்சால போயிடும். ஒண்ணோ ஏழோ போட்டா மூணால போயிடும். மூணோ ஒம்போதோ போட்டா எங்கயோ பதுங்கி இருந்த எண் ஒண்ணு வந்து ஒடச்சிடும். இந்த வகையில இதான் பெருசு, இதான் கடைசி. எடுத்தா தாங்கும். சேத்தா தாங்காது.”

“இதால என்ன பிரயோஜனம்?”

“ஒண்ணும் இல்ல. ஆனா அழகா இருக்குல்ல?”

அவள் மூக்கு நுனியில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. “இருக்கு” என்றான். அவன் எதைச் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வருஷத்துக்குமேல் எழுதினாள். அந்த எண் ஏன் அந்த இடத்தில் முடிகிறது, பத்துப் பத்தாக எண்ணும் பத்தடிமான முறையை விட்டு வேறு முறையில் எழுதினால் இப்படிப்பட்ட எண் எதுவரை வளரும் என்பதெல்லாம் அதில் இருந்தன. ஆய்வேட்டை ஒப்படைத்தாள். வாய்மொழித் தேர்வுக்குத் தேதியும் வந்தது. அந்த ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கடலூரில் பார்த்து, பிறகு பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். வைத்தியர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. காய்ச்சல்தான் யார் பேச்சையும் கேட்கவில்லை.

“வைவா தேதி போயிடுச்சா மாமா?” என்று ஒருநாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“தள்ளி வெச்சிருக்காங்க” என்றான். அன்றைக்குத்தான் அந்தத் தேதி.

“முடிச்சிடணும். பாதில நிக்கக் கூடாது.”

அதற்குப் பிறகு அவள் கோர்வையாக எதுவும் பேசவில்லை.

விளக்கம் கொடுக்கத் திருநாவுக்கரசு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினான். நிலையத்தின் முகப்பில் ‘எண்ணித் துணிக’ என்று கல்லில் வெட்டியிருந்தது. ஆய்வுப் பிரிவின் அலுவலர் சுப்பிரமணியன் கெட்டவர் அல்ல. அவனை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இறப்புச் சான்றிதழை இரண்டு தடவை படித்தார். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்து விரல் வைத்துத் தேடினார்.

“வைவாக்கு வராததுக்கு ரூல்ல நாலு காரணந்தான் சார் இருக்கு. உடம்பு சரியில்ல, பிரசவம், இயற்கைச் சீற்றம், மாநில அளவுல வெளையாட்டுப் போட்டி. இவுங்க இதுல எதுல வராங்க?”

“செத்துப்போயிட்டா சார்.”

“அது புரியுது சார். அத எதுல சேக்கறதுன்னுதான் பாக்கறேன். வெளையாட்டுப் போட்டி சரிப்படாது.” சற்று யோசித்தார். “உடம்பு சரியில்லன்னே போட்டுடுவோம். ஆனா அதுல ஒரு சிக்கல். திரும்பி வரும்போது, ஒடம்பு தேறிடுச்சுன்னு டாக்டர்கிட்ட ஃபிட்னஸ் வாங்கியாரணும்.”

“எப்படி சார் வாங்கறது?”

“அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவாத் தேறட்டும்.”

சொன்ன பிறகுதான் சுப்பிரமணியனுக்கே என்னவோ போல் ஆயிற்று. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இத விட்டுடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. வைவா முடிக்கலன்னா, ரூல் பதினேழுப்படி அவுங்க இங்க சேரவே இல்லன்னு ஆயிடும்.”

“சேரவே இல்லன்னா?”

“ஆரம்பத்துலேர்ந்தே சேரல. பேர எடுத்துடுவோம். அப்படி ஒருத்தங்க இங்க வந்ததே இல்ல.”

திருநாவுக்கரசு அந்த விதிப் புத்தகத்தையே பார்த்தான். கண்ணாடி வளையல் பஸ் கம்பியில் உரச, ஒவ்வொரு காலையும் அவள் ஜன்னலிலிருந்து கையை அசைத்துக்கொண்டு போனாள். அவள் எங்கே போனாள் என்று இவர்கள் சொல்கிறார்கள்? அவள் செத்துப்போனதைக்கூட ஊரே சேர்ந்து சொன்னதால் நம்பிவிட்டான். அவள் வரவே இல்லை என்பதை எப்படி நம்புவது? அன்று முடிவு செய்தான், எழிலரசி பாஸ் பண்ணியே ஆகவேண்டும் என்று.

எழிலரசிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை ஞானாம்பாளைப் போய்ப் பார்த்தான். அவர் அவனைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உண்மையான அழுகை. அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்து, “நான் எழுத்துல ஒண்ணும் தர முடியாதுப்பா. துறைத்தலைவர் பதவிக்கு என் ஃபைல் மேல போயிருக்கு” என்றார். அதுவும் உண்மைதான்.

அடுத்த தடை ஆய்வேட்டின் தலைப்பிலிருந்து கிளம்பியது. விதிப்படி எண்ணைத் தமிழில் எழுத்தாலும் எழுதவேண்டும். எழிலரசியும் எழுதியிருந்தாள்: ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. தலைப்பில் ‘கோடி’ என்ற சொல் வந்ததால் கோப்பு தானாகவே நிதிப் பிரிவுக்குப் போய்விட்டது. நிதிப் பிரிவு நான்கு மாதம் அதை வைத்திருந்தது. இது எந்தத் திட்டத்தில் வந்த தொகை என்று கேட்டது. பதில் வராததால், எந்தத் திட்டமாக இருந்தாலும் எல்லாத் துறைகளுக்கும் சமமாகப் பிரித்துவிடுவதே நியாயம் என்று தீர்மானித்து, பிரித்துப் பார்த்தது. இரண்டு துறைக்குப் பிரித்தால் மீதி வந்தது. ஏழு துறைக்குப் பிரித்தாலும் வந்தது. பதினொன்று, பதின்மூன்று, ஆசிரியரல்லாத பணியாளர்களையும் சேர்த்துப் பத்தொன்பது என்று பிரித்துப் பார்த்தும் மீதி வந்துகொண்டே இருந்தது. ‘எவ்விதத்திலும் பங்கிட இயலாத தொகை, ஆகவே இப்பிரிவுக்கு இதில் அக்கறை இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். எழிலரசியின் முடிவை அந்த நிலையத்தில் சுயமாகச் சரிபார்த்தவர்கள் அவர்கள் மட்டுமே.

கோப்பு கைமாறக் கைமாற எண்ணும் தேய்ந்தது. நிதிப் பிரிவின் கடிதத்தில் கடைசி மூன்று விட்டுப்போய் 7393913 என்று இருந்தது. கணிப்பொறியில் ஏற்றிய பிரிவில் ஆறு இலக்கத்துக்குத்தான் கட்டம் இருந்தது. அங்கிருந்து 739391 என்று வந்தது. திருத்தச் சொல்லிக் கேட்கலாம் என்று கடிதத்தோடு கிளம்பிய திருநாவுக்கரசு, கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். அவள் அழி அழி என்று சொன்ன வரிசையில்தான் இவர்களும் அழித்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாது, எதை அழித்தாலும் இது நிற்கும் என்று. அவள் போன பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான்.

சித்திரை வெயிலில் நிலையத்திலிருந்து கள ஆய்வுக் குழு வந்தது. ஆய்வு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்தை நேரில் பார்க்காமல் தேர்வு வைப்பதில்லை என்பது புதிய விதி. மண் ஆராய்ச்சிக்காகப் போட்ட விதியை, பாரபட்சம் இருக்கக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் நீட்டியிருந்தார்கள். வேனிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். கடையை நாடாவால் அளந்தார்கள். கரும்பலகையைப் புகைப்படம் எடுத்தார்கள்.

“எண் எந்த இடத்துல கெடச்சுது?” என்று குழுத்தலைவர் கேட்டார்.

திருநாவுக்கரசு கடையைச் சுற்றிப் பார்த்தான். அவள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினான்.

“தெற்குப் பார்த்து” என்று எழுதிக்கொண்டார்கள்.

அன்று மங்கலம் கடையில் இருந்தாள். மகள் போன பிறகு அவளால் நெல்லிக்குப்பத்து வீட்டில் இருக்க முடியவில்லை, மருமகனோடு வந்துவிட்டாள். பைல்களோடும் கண்ணாடிகளோடும் வந்த பெரிய மனிதர்களைப் பார்த்ததும், படித்த இடத்திலிருந்து துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மாதம் பல ஆகியும் மறக்காமல் வந்தார்களே என்று எழுந்து ஓடிவந்தாள். குழுவில் இருந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எம் பொண்ண நீங்கல்லாம் பாத்திருப்பீங்களே! மூணாங் கிளாஸ்லயே வாய்ப்பாட்டத் தலகீழாச் சொல்லுவாளே! எங்க விட்டுட்டு வந்தீங்கம்மா அவள?” என்று தெருவே திரும்பிப் பார்க்க அழுதாள்.

அந்த அம்மாள் கையை உருவப் பார்த்தாள், முடியவில்லை. குழுத்தலைவர் மணியைப் பார்த்தார். மங்கலம் அழுது ஓய்ந்து, மூவருக்கும் காப்பி வாங்கிவரச் செய்து, குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். “இவ்ளோ தூரம் வந்தீங்களே, நல்லா இருப்பீங்க” என்று கும்பிட்டாள். வேன் போன பிறகு, “நல்ல ஜனங்க மாப்ள” என்றாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

குழுவின் அறிக்கையில் ‘உள்ளூர் மக்களின் ஒத்துழைப்பு: திருப்திகரம்’ என்று இருந்தது.

ஆனி மாதத்தில் ஒருவழியாக வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கொடுத்தார்கள். நிலையத்தின் இயக்குநர் முனைவர் சிங்காரம் இதில் தனிப்பட்ட அக்கறை எடுத்துக்கொண்டார். பொதுத் தேர்வு என்பதால் மாணவர்களைக் கூட்டி அரங்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் தேர்வுக்கு வருகிறவர் நிற்கும் மேசைமேல், எழிலரசியின் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி ஒலிவாங்கிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்கள். படம் எடுத்தவர் சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார் போலும். வரப்போகிற சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கணவனுக்குப் பார்வையாளர் அட்டை கொடுத்தார்கள். பார்வையாளர் பேசக் கூடாது.

இயக்குநர் எழுந்தார்.

“இந்த நிலையம் மனிதாபிமானத்துக்குப் பெயர்போனது. ஒரு மாணவி இறந்துவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக, தேர்வில் கலந்துகொள்ளும் அவருடைய உரிமையை நாங்கள் பறிக்கமாட்டோம். உயிரோடு இருப்பவர், இல்லாதவர் என்ற பாகுபாடு இந்த வளாகத்தில் கிடையாது. நான் பொறுப்பேற்ற இந்த ஆறு ஆண்டுகளில், இங்கே வந்துபோன யாருக்கும் அந்த வித்தியாசம் தெரிந்ததே இல்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.”

கைதட்டினார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டுப் படத்தைப் பார்த்துக் கேட்டார்.

“இந்த எண்ணோடு வலப்பக்கம் ஓர் இலக்கம் சேர்த்தால் ஏன் பகா எண் கிடைப்பதில்லை? விளக்குங்கள்.”

திருநாவுக்கரசுக்கு நாக்கு நுனியில் பாதி விடை இருந்தது; ஒன்று, ஏழு என்பதுவரை வந்து மீதி குழம்பியது. முன்வரிசையில் ஞானாம்பாள் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் மரியாதைக்காகச் சற்று நேரம் காத்திருந்தார். குறிப்பெடுப்பவர் ‘விடை இல்லை’ என்று எழுதினார்.

“எண்ணடிமானத்தை மாற்றினால் இந்த வரிசை எங்கே முடியும்?”

விடை இல்லை. மேலே சுற்றிய விசிறிக் காற்றில் படம் ஆடி, முகம் குப்புற விழுந்தது. திருநாவுக்கரசு ஓடிப்போய் நிமிர்த்தி வைத்தான். அதன்மேல் இருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தான். குறிப்பெடுப்பவர் ‘மாணவி சற்றுப் பதற்றமாகக் காணப்பட்டார்’ என்று எழுதினார்.

“கடைசியாக ஒன்று,” என்றார் இயக்குநர். “இந்த எண்ணால் நம் மாவட்டத்துக்கு என்ன பயன்? கரும்பு விவசாயிக்கு என்ன பயன்? முந்திரி விவசாயிக்கு என்ன பயன்?”

படத்தின் பக்கத்திலேயே நின்றுவிட்ட திருநாவுக்கரசுக்குத் தாங்கவில்லை.

“பயன் இல்ல சார். நான் கேட்டிருக்கேன். ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னா. அழகா இருக்குன்னு சொன்னா. அவ்ளோதான் சார் சொன்னா.”

“பார்வையாளர் பேசக் கூடாது” என்றார் இயக்குநர், கோபமில்லாமல்.

அரைமணி கழித்து முடிவு ஒட்டினார்கள். ‘ஆய்வேடு தரமானது. எனினும் மாணவி கேள்விகளுக்கு விடையளிப்பதில் ஆர்வம் காட்டவில்லை. தகவல் தொடர்புத் திறனை வளர்த்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து மீண்டும் வருமாறு அறிவுறுத்தப்படுகிறார்.’

அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளிப்படியில் உட்கார்ந்திருந்தான். ஞானாம்பாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நல்லா எழுதியிருந்தாப்பா. நான் ஒரு வரிகூடத் திருத்தல. அந்தாளு கேட்டதுக்கெல்லாம் பதில் உள்ளயே இருக்கு.”

“அத உள்ள சொல்லியிருக்கலாமே மேடம்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் துறைத்தலைவர் பதவி அந்த வாரம் வந்துசேர்ந்தது.

ஆறு மாதம் கழிய இரண்டு நாள் இருக்கும்போது ‘தானே’ புயல் வந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கடலூரில் ஒரு கம்பம்கூட நேராக நிற்கவில்லை. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாததால் இன்வெர்ட்டருக்கும் உயிர் இல்லை. திருநாவுக்கரசின் கடைக் கூரை பறந்துபோயிற்று. கரும்பலகையை எதிர்ச்சந்தில் இரண்டு துண்டாகக் கண்டெடுத்தான். மங்கலம் பயத்தில் நடுங்கிக்கொண்டு, “அவ இருந்திருந்தா பயந்திருப்பா மாப்ள” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சிதம்பரத்தில் நிலையத்துக்கும் சேதம்தான். ஆவண அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அது போய், மழை கொட்டி, கோப்புகள் எல்லாம் கூழாகிவிட்டன. யார் தேறினார்கள், யார் தேறவில்லை என்று சொல்ல ஒரு துண்டுத் தாள் இல்லை. தணிக்கைக்கு ஆள் வருவதற்குள் ஆட்சிக்குழு அவசரமாகக் கூடியது. ‘தேர்ச்சி பெறவில்லை என நிரூபிக்க வழியில்லாததால், நிலுவையிலுள்ள அனைவரும் தேர்ச்சி பெற்றதாக இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது’ என்று சுற்றறிக்கை வந்தது. சுப்பிரமணியனே போன் செய்து சொன்னார். “உங்க வீட்ல பாஸ் சார்! கங்கிராட்ஸ்!” என்றார். அவர் குரலில் இருந்தது நிஜமான சந்தோஷம். தேங்க்ஸ் சார் என்றான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆவணியில் பட்டமளிப்பு விழா. மங்கலம் வரவில்லை. “நீ போயி வாங்கியா மாப்ள. நான் அங்க வந்து யாரப் பாக்கறது?” என்றாள்.

அங்கி போடாமல் யாரும் மேடை ஏற முடியாது. சேரும்போதே ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துத் தைத்து வைத்துவிடுவது நிலையத்தின் வழக்கம். அங்கிகள் இருந்த அறைக்குக் கான்கிரீட் கூரை, ஆகவே அவை பத்திரமாக இருந்தன. கழுத்துப் பட்டியில் ‘எழிலரசி’ என்று சிவப்பு நூலில் தைத்திருந்த ஒன்றைத் தேடி எடுத்து நீட்டினார்கள்.

“இது அவ அளவுங்க. எனக்குப் பத்தாது.”

“அவுங்க பட்டத்துக்கு அவுங்க அங்கிதான் சார். மாத்தித் தந்தா கணக்கு ஒதைக்கும்.”

கையை நுழைத்தான். முழங்கையைத் தாண்டவில்லை. மெல்ல இழுத்தபோது தோளில் தையல் விட்டது. நெஞ்சுக்குக் குறுக்கே மூடாத அந்தக் கறுப்பு அங்கியோடு, மூச்சை அடக்கிக்கொண்டு வரிசையில் நின்றான். அவள் ஒருநாளும் போட்டுப் பார்க்காத துணி. ஆனாலும் அவள் தோள் இவ்வளவுதான் அகலம் என்று அது அவனுக்குச் சொன்னது. இரண்டு வருஷத்தில் அவனுக்கே மறந்து போயிருந்தது.

பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள். இயக்குநர் சிங்காரம் முன்னால் சொல்ல, அவர்கள் பின்னால் சொல்ல வேண்டும்.

“நான்,” என்றார் இயக்குநர். “அவரவர் பெயரைச் சொல்லவும்.”

திருநாவுக்கரசு விழித்தான். பக்கத்தில் நின்ற சுப்பிரமணியன் காதோடு சொன்னார். “பட்டம் யாருதோ அவுங்க பேரு சார்.”

“நான், எழிலரசி” என்றான்.

“என் உயிருள்ளவரை இந்த அறிவை நாட்டுக்காகப் பயன்படுத்துவேன்.”

அரங்கம் மொத்தமும் ஒரே குரலில் அதைச் சொன்னது. அவனால் அதைச் சொல்ல முடியவில்லை. அடுத்த வரியும் அதற்கடுத்த வரியும் கடந்துபோயின. அவன் உதடு மட்டும் சத்தமில்லாமல் ‘நான், எழிலரசி’ என்பதையே சொல்லிக்கொண்டிருந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் உறுதிமொழியில் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

வெளியே அங்கியைத் திருப்பிக் கொடுக்கும் மேசையில் நீண்ட கூட்டம். அவன் அந்தப் பக்கம் போகவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, பேருந்து நிலையத்துக்கு நடந்து, கடலூர் பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்றில் ஏறி உட்கார்ந்தான். அங்கியைக் கழற்றி, விட்டுப்போன தையல் உள்ளே போகும்படி மடித்து, ஜன்னலோரம் வைத்தான். பட்டத்தை அதன்மேல் வைத்தான்.

புதுச்சத்திரத்தில் கூட்டம் ஏறியது. கையில் மீன்கூடையோடு ஒரு அம்மாள் நிற்க முடியாமல் தள்ளாடிக்கொண்டே அவன் அருகில் வந்து, ஜன்னலோர இடத்தைப் பார்த்தாள்.

“ஆளு இருக்காங்களாப்பா?”

அவன் எழுந்து தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தான்.

“இருக்காங்க” என்றான். “நீங்க இதுல ஒக்காருங்க.”

கடலூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான்.